கிண்டிக்கு ஒரு வழி, காரைக்குடிக்கு ஒரு வழி

காரைக்குடியில் யாரைக் கேட்டாலும், இந்த ஊருக்குப் பொறியியல் படிப்பைக் கொண்டுவந்தவர் வள்ளல் அழகப்பர்தான் என்பார்கள். அதில் ஐயமில்லை. கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் 1952இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று அரசுக் கல்லூரியாக நடக்கிறது. ஆனால் கல்லூரி கட்டியவர் பட்டம் கொடுத்துவிட முடியாது. அப்படியானால், புதிதாக ஒரு பொறியியல் பட்டப்படிப்பைத் தொடங்கலாம் என்று ஒப்புதல் தரும் கை யாருடையது? இந்தக் கேள்வியோடுதான் பழைய சட்டங்களையும் தீர்ப்புகளையும் புரட்டத் தொடங்கினேன்.

முதல் தடயம் கிண்டியில் கிடைத்தது. அங்குள்ள ஏ.சி. டெக் கல்லூரியின் பெயரில் இருக்கும் 'ஏ.சி.' அழகப்பச் செட்டியார்தான். அவர் கொடுத்த 5 லட்சம் ரூபாயில் 1944இல் உருவான அந்த நிறுவனம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறை. துணைவேந்தராக இருந்தவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். எட்டாண்டு கழித்துக் காரைக்குடியில் எழுந்ததோ, அதே பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரி. அதாவது பாடம் நடத்துவது கல்லூரி, தேர்வு வைத்துப் பட்டம் தருவது பல்கலைக்கழகம். இரண்டும் ஒரே வள்ளலின் கொடை. பேரேட்டில் ஒரே பெயரில் வரவான தொகை இரண்டு தனித்தனிக் கணக்குகளுக்குப் பிரிந்தது போல, அவை அன்றே வேறு வேறு வழியில் போய்விட்டன.

அந்த வேறுபாட்டின் கனம் புரிய, 1923ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்தைப் படிக்க வேண்டும். செனட் என்ற ஆட்சிப் பேரவை, சிண்டிகேட் என்ற ஆட்சிக்குழு, கல்விப் பேரவை, புலங்கள், பாடத்திட்டக் குழுக்கள் என்று அதிகாரம் அதில் பங்கிடப்பட்டிருக்கிறது. பணமும் நிர்வாகமும் ஆட்சிக்குழுவிடம். பாடமும் தேர்வும் அவற்றின் தரமும் கல்விப் பேரவையிடம். ஒரு பாடத்தில் என்ன கற்பிப்பது என்ற பேச்சு, அந்தத் துறையை அறிந்த ஆசிரியர்கள் உட்காரும் பாடத்திட்டக் குழுவில்தான் தொடங்குகிறது. கிண்டிக்கு இந்தப் பயணம் ஒரே வீட்டுக்குள் முடிந்துவிடும். காரைக்குடிக்கு இணைவு என்ற இன்னொரு வாசல் உண்டு. ஆய்வகம் இருக்கிறதா, நூலகம் இருக்கிறதா, ஆசிரியர்கள் போதுமா என்று வெளியிலிருந்து வந்து பார்ப்பார்கள்.

தில்லியின் கை எப்போது நுழைந்தது? அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏ.ஐ.சி.டி.இ., 1945லேயே பிறந்துவிட்டது. ஆனால் அன்று அது ஆலோசனை சொல்லும் அமைப்பு மட்டுமே. அதற்குச் சட்ட அதிகாரம் தந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1988 மார்ச் 28இல் நடைமுறைக்கு வந்தது. அதே 1988இல்தான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் பி.டெக். படிப்பு தொடங்கியது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பர் தர, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகம் அது. நாட்டுக்கே பெயர்பெற்ற ஆய்வகமாக இருந்தும் பட்டத்துக்கு அது ஒரு பல்கலைக்கழகத்தைத்தான் சார்ந்திருக்க வேண்டும். இன்று அது அண்ணா பல்கலைக்கழகம்.

1988க்குப் பிறகு எந்தப் பொறியியல் படிப்புக்கும் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி கட்டாயம் என்றே பலரும் சொல்கிறார்கள். 1995 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய அதியமான் தீர்ப்பு அதை உறுதிசெய்வது போலத்தான் முதல் வாசிப்பில் தெரியும். மத்தியச் சட்டத்தோடு முரண்படும் அளவுக்கு மாநிலச் சட்டமும் பல்கலைக்கழகச் சட்டமும் செல்லாது என்கிறது அது. ஆனால் வழக்குக்கு வந்தது யார் என்று பார்த்தால், ஓசூரில் இருக்கும் தனியார் பொறியியல் கல்லூரி. ஒரு பல்கலைக்கழகமே தன் வளாகத்தில் படிப்பைத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. அந்தத் தீர்ப்பை அதற்குமேல் இழுக்கக் கூடாது.

அந்தக் கேள்வியை எழுப்பியது திருச்சிராப்பள்ளி. தகவல் தொழில்நுட்பம், உயிரிப் பொறியியல், பெட்ரோ வேதிப் பொறியியல் போன்ற படிப்புகளை ஏ.ஐ.சி.டி.இ.யின் முன் அனுமதி இல்லாமல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தானே தொடங்கியது. ஏ.ஐ.சி.டி.இ. வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி முன்பும் அமர்வு முன்பும் பல்கலைக்கழகம் தோற்றது. 2001 செப்டம்பர் 24இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது. திருப்பம் வந்த இடம் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2, உட்பிரிவு (எச்). 'தொழில்நுட்ப நிறுவனம்' எது என்று வரையறுக்கும் அந்தச் சிறு பத்தியில், பல்கலைக்கழகம் அல்லாத நிறுவனம் என்ற நிபந்தனை தெளிவாக இருக்கிறது. புதிய படிப்புகளுக்கு அனுமதி தரும் பிரிவு 10(1)(கே) பேசுவதும் தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றித்தான். நாடாளுமன்றம் வெளியே நிறுத்தியதை, 1994இல் எழுதிய ஒழுங்குவிதிகளால் உள்ளே இழுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

இதை முழு விடுதலையாகப் படித்தால் தவறு. தரத்துக்குப் பல்கலைக்கழகம் கட்டுப்பட்டதுதான், ஏ.ஐ.சி.டி.இ. வந்து பார்வையிடவும் குறை சொல்லவும் வழி இருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சலுகை இல்லை என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது 1944க்கும் 1952க்கும் திரும்பிப் பாருங்கள். 2001இல் நீதிமன்றம் கிழித்த கோடு, அழகப்பரின் இரண்டு கொடைகளுக்கும் நடுவில்தான் விழுகிறது. கிண்டியில் கொடுத்தது 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பானது; அது கோட்டுக்கு அந்தப் பக்கம். காரைக்குடியில் கட்டியது சென்னை, மதுரை, அண்ணா என்று பட்டம் தரும் பல்கலைக்கழகத்தை மாற்றிக்கொண்டே வந்தும் இந்தப் பக்கமே நிற்கிறது. அதே ஊரில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அழகப்பா பல்கலைக்கழகம் வரையறையின்படி ஏ.ஐ.சி.டி.இ.யின் முன் அனுமதியிலிருந்து விலக்குக்கு உரியது. அதைவிட முப்பது ஆண்டுக்கும் மேல் மூத்த பொறியியல் கல்லூரிக்கு அந்த விலக்கு இல்லை. தன்னாட்சி பெற்றபின் அந்தக் கல்லூரிக்கும் சொந்தப் பாடத்திட்டக் குழு உண்டு. வகுப்பில் நிற்கும் ஆசிரியரே பாடத்தை எழுதுகிறார். அது சிறிய உரிமை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு புதிய துறை வேண்டுமென்றால், அந்த ஆசிரியர்கள் எழுதிய தாள் இன்றும் சென்னைக்கும் தில்லிக்கும் போய்த்தான் திரும்ப வேண்டும்.