பைக்காராவுக்குப் பிறகு வந்தவர்கள்

1932-ல் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து கோவைக்கு இறங்கியது. 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று நம் மின்சார வரலாறு அணையிலிருந்து அணைக்குத் தாவுகிறது. ஆனால் மின்கம்பி கிணற்றுமேட்டுக்கு வந்துவிட்டால் மட்டும் தண்ணீர் ஏறிவிடாது. ஸ்டார்ட்டருக்கு இணைப்புக் கொடுக்கவும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு ஃபேஸை மாற்றிப் போடவும், காயில் எரிந்தால் ரீவைண்டிங் செய்யவும் ஆள் வேண்டும். 1937-லேயே கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மோட்டார் செய்துவிட்டார்கள். ஆனால் கவலை இறைத்த மாட்டை விற்றுவிட்டு மோட்டார் போட்ட விவசாயி, அது நின்றுபோன நாளில் நம்பியிருந்தது உள்ளூர் வயர்மேனை. கொங்கு நாட்டின் பாசனத்தில் அவருக்கும் அணை கட்டியவர்களுக்கு இணையான பங்கு உண்டு என்பேன்.

இப்படி ஆள் வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது; ஐடிஐகள் அதன்வழி பெருகின. 1956-ன் மின்சார விதிகள், பல்பு, ஃபியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் தவிர மற்றதை உரிமம் பெற்றவர் பொறுப்பில், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்றன. 1961-ல் தொழில் பழகுநர் சட்டமும் வந்தது. சட்டமும் விதியும் நல்லவைதான். ஆனால் உரிமம் ஒருவர் பெயரில், வேலை இன்னொருவர் கையில் என்ற வழக்கத்தை அவை ஒழிக்கவில்லை.

மேஸ்திரியின் கூடவே நின்று கற்றவன் போதாதா என்று கேட்பார்கள். அந்தக் கைப்பழக்கம் பெரிய சொத்து. ஐடிஐ இரண்டு வருடத்தில் அதைத் தந்துவிடாது. ஆனால் எர்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழி தோண்டி, உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டுக் குழாய் இறக்குவதைப் பார்த்தே கற்கலாம். அந்த எர்த் பிடிக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும். ஜெனரேட்டரைச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் கொடுத்தால், கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வரை திரும்பிப்போய், லைன் செத்துவிட்டது என்று நம்பி ஏறிய லைன்மேனைக் கொல்லும். சோலாரும் கார் சார்ஜரும் வீட்டுக்கு வந்த பிறகு இந்தப் பாதுகாப்புக் கணக்கு இன்னும் கடினமாகிவிட்டது.

பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லையே என்பது அடுத்த கேள்வி. பயிற்சிக்காலத்தில் பட்டினி போட்டுவிட்டு, சான்றிதழ் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே கூலி கொடுத்தால் எப்படி வருவார்கள்? பழகுநர் உதவித்தொகையைக் குடும்பம் தாங்கும் அளவுக்கு உயர்த்த வேண்டும். வேலை தெரிந்த மேஸ்திரிகளையே சம்பளத்துக்குப் பயிற்றுநராக அமர்த்த வேண்டும். பல வருடம் கம்பி பிடித்தவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தி, சோதித்துச் சான்று தர வேண்டும்.