எழுதி வைத்தவர்கள்

ஆராய்ச்சி என்றதும் நம்மவர்களுக்குக் கல்வெட்டு ஞாபகம் வரும். இல்லாவிட்டால் கம்பராமாயணத்தில் பாடபேதம். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் வேறொரு மாதிரி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. நோயாளியின் கண்ணைப் பற்றியும், வயலில் இறங்கியவர்களின் கூலியைப் பற்றியும் நடந்த ஆராய்ச்சி அது.

சரபோஜி மகாராஜா 1798-ல் பட்டத்துக்கு வந்தார். மறு வருஷமே கும்பெனியார் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நாடு அவர்களுக்கு, தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும் இவருக்கு. வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் படி அளந்தார்கள். நாடில்லாத ராஜாவுக்குப் பொழுது போக வேட்டை உண்டு, சதிர் உண்டு, வழக்கு உண்டு. சரபோஜி புத்தகம் வாங்கினார். இளமையில் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் கேட்ட பழக்கம் விடவில்லை. 1826-ல் அவரைச் சந்தித்த பிஷப் ஹீபர், இந்த அரசர் லவாய்ஸியரையும் லின்னேயஸையும் சரளமாக எடுத்துப் பேசுவதைக் கேட்டு வியந்து எழுதியிருக்கிறார்.

அவர் வைத்த தன்வந்திரி மகாலில் சித்த வைத்தியரும் ஆயுர்வேதக்காரரும் யூனானி ஹக்கீமும் இங்கிலீஷ் வைத்தியரும் சேர்ந்து வேலை செய்தார்கள். நம் ஊரில் இரண்டு வைத்தியர்கள் ஒரு திண்ணையில் உட்காருவதே அபூர்வம் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அருமை விளங்கும். அனுபவத்தில் பலித்த மருந்துகளை வியாதி வாரியாகத் தமிழ்ப் பாட்டில் கட்டி வைத்தார்கள். 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரில் பின்னாளில் அவை அச்சாயின.

இவற்றையெல்லாம்விட என்னைக் கட்டி நிறுத்துவது சரஸ்வதி மகாலில் உள்ள கண் வைத்தியக் குறிப்புகள்தான். நோயாளி யார், கண் எந்த நிலையில் இருந்தது, என்ன சிகிச்சை நடந்தது என்று இங்கிலீஷில் எழுதி, நோயுற்ற கண்ணை வர்ணத்தில் படமும் தீட்டி வைத்திருக்கிறார்கள். கத்தியை மகாராஜாவே பிடித்தாரா, பக்கத்தில் நின்று பார்த்தாரா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அரசன் வென்றதற்கும் கொடுத்ததற்கும் மெய்க்கீர்த்தி எழுதுவது நமக்குப் பழக்கம். எவனோ ஒரு சாமானியனுடைய புரை விழுந்த கண்ணை அரண்மனைச் சித்திரக்காரன் உட்கார்ந்து எழுதினான் என்பதுதான் புதிது.

சரபோஜி 1832-ல் காலமானார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசின்றி இறந்ததும், மிச்சமிருந்த அரசும் போயிற்று. ஏடுகள் மட்டும் நின்றன. 1918-ல் நூல்நிலையம் பொதுச் சொத்தாயிற்று. ஆனால் அந்தக் கண் குறிப்புகளைக் கண் வைத்தியர்கள் அக்கறையோடு புரட்டிப் பார்த்தது 2003-க்குப் பிறகுதான். எழுதினவர் ஒருவர், சரிபார்த்து மேலே தொடர அடுத்தவர் இல்லை.

அடுத்தவர் வந்த கதையும் இதே ஜில்லாவில் இருக்கிறது. 1915-ல் சென்னைச் சர்வகலாசாலைக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்துக் குடியானவர்கள் பொது நிலத்தை இழந்த வரலாற்றை எழுதியவர். புத்தகத்தை மூடிவிட்டு அவரவர் கிராமத்துக்குப் போய்க் கணக்கெடுத்து வாருங்கள் என்று மாணவர்களை அனுப்பினார். நிலம் யாரிடம், கடன் எவ்வளவு, கூலி என்ன என்று கேள்வித் தாள் கொடுத்தார். 1918-ல் புத்தகமாக வந்த அந்தக் கணக்கில் கீழத் தஞ்சையின் பாலக்குறிச்சியும் ஒன்று. 1936-37-ல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களைத் திரும்பவும் ஆராய்ந்தார்கள். நூறு வருஷம் கழித்து 2019-லும் பாலக்குறிச்சிக்கு ஆய்வாளர்கள் போனார்கள். அந்த முறை வெண்மணிக்கும் சேர்த்துப் போனார்கள்.

வெண்மணி என்றால் போதும், தஞ்சாவூர்க்காரனுக்கு விளக்கம் வேண்டாம். பண்ணையாள் பாதுகாப்புக்கு 1952-லேயே சட்டம் வந்தாயிற்று. 1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறு முற்றி, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஸ்லேட்டரின் மாணவர்கள் கூலி எவ்வளவு என்று கேட்டுப் போய் ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. கணக்கு எடுத்தாயிற்று, அச்சாயிற்று, மறுபடியும் எடுத்தாயிற்று. கேட்கிறவன் நோட்டில் எழுதினால் கொடுக்கிறவன் மரக்கால் பெரிதாகிவிடுமா?

அப்படியானால் எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். எனக்குத் தோன்றுவது இதுதான். காவேரிக் கரையில் அந்தக் காலத்தில் யாரும் பசித்ததில்லை, வந்தவனுக்கெல்லாம் சோறு என்று திண்ணையில் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். வெற்றிலையும் சேர்ந்தால் நம்பவே நம்பிவிடுவோம். அந்த இனிமையை மறுத்துப் பேச, பசித்தவர்கள் எழுதி வைத்த ஏடு நம்மிடம் அதிகம் இல்லை. அவர்களுக்கு எழுத்தைக் கொடுத்தவர் யார்? யாரோ ஒரு கல்லூரிப் பையன் லீவில் வந்து, சேரிக்கும் போய்க் கேட்டு, நாள் போட்டு எழுதிய கணக்குதான் சாட்சி. சரபோஜியின் சித்திரக்காரன் தீட்டிய கண்ணும் அப்படித்தான். ராஜா போனார், கும்பெனியும் போயிற்று. அந்தக் கண் இன்னும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.