சிங்கியைத் தேடி வந்த சிங்கன்: குற்றாலக் குறவஞ்சியின் இரண்டாம் காதல்

குறவஞ்சி என்னும் நாடகச் சிற்றிலக்கியம், உலாவரும் தலைவனைக் கண்டு காதல்கொண்ட தலைவிக்குக் குறத்தி ஒருத்தி கைபார்த்துக் குறிசொல்லும் நிகழ்ச்சியை நடுவாகக் கொண்டது என்று பொதுவாக வரையறுக்கப்படுகிறது. ஆனால் தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியை முழுவதும் வாசிப்பவர்க்கு, இந்த வரையறை நூலின் முற்பாதிக்கே பொருந்துவது புலப்படும். குறி சொல்லி முடிந்ததும் தலைவி வசந்தவல்லி மேடையிலிருந்து விலகிவிடுகிறாள். அதன்பின் வரும் பகுதி குறத்தியாகிய சிங்கிக்கும், அவளைக் காணாமல் தேடி அலையும் கணவன் சிங்கனுக்கும் உரியதாகிவிடுகிறது.

இந்தக் கணவன் குறத்தியோடு தொடக்கம் முதலே இருந்தவன் அல்லன். சங்க அகப்பாடல்களில் அகவன்மகள் என்று அழைக்கப்படும் குறிசொல்லும் பெண் தலைவியின் நோய்க்குக் காரணம் காண வருகிறாள். அவளுக்கென்று வீடோ துணையோ ஏக்கமோ இருந்ததாக அப்பாடல்கள் பேசுவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மதுரை மீனாட்சியம்மை குறம், குறத்தியின் கூற்றாக மட்டுமே அமையும் ‘குறம்’ என்ற வகையைச் சேர்ந்தது. அதிலும் குறிசொல்வதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது. இந்தக் குறத்தையும், தலைவன் பவனிவர ஏழு பருவ மகளிர் அவனைக் கண்டு மையல்கொள்ளும் ‘உலா’வையும் இணைத்து, குறத்திக்கு ஒரு கணவனையும் அவனுக்கு நூவன் என்னும் தோழனையும் படைத்துச் சேர்த்தபோதுதான் குறவஞ்சி முழுநாடக வடிவம் பெற்றது.

கவிராயரின் நூலில் முதற்காதல் மரபு வழுவாமல் செல்கிறது. கட்டியக்காரன் பவனியை அறிவிக்க, குற்றாலத்துச் சிவபெருமானான குற்றாலநாதர் வீதியில் எழுந்தருள்கிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு மயங்குகிறாள், நிலவையும் மன்மதனையும் பழிக்கிறாள், தோழியைத் தூதனுப்புகிறாள். இது விரகம், அதாவது பிரிவில் வாடும் காதல். தெய்வத்தை நாடும் உயிரின் தவிப்பாகவும் இதைக் கொள்வது சமய மரபு. சிங்கி வந்து மலைவளமும் நாட்டுவளமும் பாடி, கையைப் பார்த்து, மனத்தில் இருப்பவர் திரிகூடநாதராகிய குற்றாலநாதரே, அவர் வந்து சேர்வார் என்று கூறிப் பரிசில் பெற்றுப் போகிறாள். அவர் வந்து சேர்ந்த காட்சி நூலில் இல்லை. கூடலை எதிர்பார்த்து அமர்ந்திருக்கும் அவையோர்முன் வசந்தவல்லியின் நாயகருக்குப் பதிலாக வேட்டைக்கோலத்தில் வந்து நிற்பவன் சிங்கன்.

அவன் வந்த காரியம் பறவை பிடிப்பது. குற்றாலத்துக் கோயிலுக்குரிய வயல்களில் பறவைகள் வந்து மேய்வதைப் பாடும் இடத்தில், நிலங்களின் பெயர்களோடு கோயிலுக்குத் திருப்பணி செய்த வள்ளல்களின் பெயர்களையும் கவிராயர் கோத்துவிடுவதால், அக்காலத் தென்காசி வட்டாரத்தின் கொடை வரலாற்றுக்கும் இப்பகுதி ஓர் ஆவணம். ஆயினும் கண்ணி வைத்தபின்னும் சிங்கனின் மனம் பறவைகளில் நிற்கவில்லை. நூவனிடம் சிங்கியின் அடையாளங்களைச் சொல்லும்போது அவளைக் கறுப்பில் அழகி என்றே குறிப்பிடுகிறான். நிலவொளியிலும் பொன்னிலும் தோய்த்து வருணிக்கப்பட்ட வசந்தவல்லிக்குப் பக்கத்தில் இந்த ஒரு சொல் வைக்கப்படும்போது, அழகுக்குக் காவியங்கள் வகுத்திருந்த இலக்கணமே நெகிழ்ந்துபோகிறது.

கடைசியில் குற்றாலத் தெருவில் இருவரும் சந்திக்க, தமிழ் நாடக இலக்கியத்திலேயே மிகச் சிறந்தவற்றுள் ஒன்றான வினாவிடைப் பகுதி தொடங்குகிறது. இத்தனை நாள் சொல்லாமல் எங்கே போனாய் என்று அவன் கேட்க, குறிசொல்லப் போனதாக அவள் தயங்காமல் விடைதருகிறாள். அவள் காலைப் பார்த்து, பெரிய விரியன் பாம்பு கடித்துக் கிடப்பது ஏன் என்று அவன் அஞ்சிக் கேட்க, அது சேலத்து நாட்டில் குறிசொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். நாங்கூழ்போல் நெளிந்து கிடப்பது பாண்டியன் மகள் தந்த பாடகம் என்னும் கால் அணிகலன். செத்த தவளையைக் கட்டியதுபோல் தெரிவது குற்றாலர் சந்நிதிப் பெண்கள் அளித்த கெச்சம், அதாவது சதங்கை. நகையறியாத மலைக்குறவனைப் பார்த்து ஊரார் சிரிப்பதற்கென்று எழுதப்பட்ட பகுதி இது என்பதையும், அந்தச் சிரிப்பில் கோயிலையும் பாளையத்தையும் சார்ந்திருந்த மேல்தட்டினரின் பார்வை கலந்திருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், கேள்விக்குக் கேள்வி உயர்ந்து நிற்பவள் தன் உழைப்பால் பொருளீட்டி ஊர் ஊராகச் சென்றுவந்த சிங்கிதான்.

இந்த உரையாடலைக் கேட்டபின் வசந்தவல்லியின் காதல் முன்போல் தோன்றுவதில்லை. முற்பாதியில் பெண் ஏங்குகிறாள், ஆண் எட்டாத உயரத்தில் இருக்கிறான். பிற்பாதியில் ஆண் ஏங்கித் தேடுகிறான், பெண் தன் வழியில் சென்றுகொண்டிருக்கிறாள். மேலும், அத்தனை நாட்டுப் பெண்களும் தந்த அணிகள் சிங்கியின் காலில் கிடப்பதைக் காணும்போது, அவளிடம் கைநீட்டியவள் வசந்தவல்லி ஒருத்தி மட்டும் அல்லள் என்பதும், ஒப்பற்றதாகத் தோன்றிய அந்த ஏக்கம் பலரும் பட்ட ஏக்கமே என்பதும் விளங்குகின்றன.   தலைவிக்கு வாக்களிக்கப்பட்ட கூடலைச் சிங்கனும் சிங்கியுமே அவையோர் கண்முன் நிகழ்த்திக் காட்டுவதால், அவர்கள் கதையை வெறும் நகைச்சுவை இணைப்பு என்று ஒதுக்குவது பிழையாகும்.

மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்நூலுக்குப் பரிசாக அளித்த நிலம் ‘குறவஞ்சிமேடு’ என்று பெயர்பெற்றதாகக் கூறுவர். பின்னர் தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னரைத் தலைவனாக்கிக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடினார். அது பெரிய கோயிலில் ஆடப்பட்டது. அதே அரசவையோடு தொடர்புடைய வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் கிறிஸ்துவைத் தலைவராக்கியபோதும் குறத்தியை விட்டுவிடாமல் ஞானச் சிங்கியாக்கிக்கொண்டார். தலைவன் தெய்வமானாலும் மன்னனானாலும், சமயமே மாறினாலும், சிங்கி நிலைத்துவிட்டாள்.

குற்றாலத்தில் வாழ்ந்து இந்நூலின் சுவையை ஊரறியச் செய்தவர் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் இதை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். எனினும் இன்று பெரும்பாலோர் இதனைப் பள்ளிப் பாடநூலில் வரும் மலைவளப் பகுதியால் மட்டுமே அறிவர். ஆண்குரங்கு பெண்குரங்குக்குக் கனிகொடுத்துக் கொஞ்சும் அந்த மலையைப் பாடுபவள் சிங்கி என்பதையும், அதைப் பாடும் நேரத்தில் அவளைத் தேடி ஒருவன் வந்துகொண்டிருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கற்பித்தால், மாணவர்க்கு அப்பாடல் இயற்கை வருணனையாக மட்டும் நின்றுவிடாது.