நெடுங்கம்பும் குறுங்கம்பும்

சிலம்பம் பழகிய பிள்ளையின் கையில் பிலிப்பீன் நாட்டுக் குறுங்கம்பைக் கொடுத்துப் பாருங்கள்; எடுத்த எடுப்பில் அதைச் சுழற்றுவான். குறுங்கம்பு பழகியவனிடம் நம் நெடுங்கம்பைக் கொடுத்தால், எதிரே நிற்க ஆள் இருக்கிறதா என்று தேடுவான். கம்பின் நீளம்தான் இரண்டு கலைகளையும் பிரிக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். முதல் நாள் வகுப்பில் மாணவன் யாரைப் பார்த்து நிற்கிறான் என்பதுதான் பெரிய வேறுபாடு என்பேன் நான். சிலம்பத்தில் அவன் தனியாக நிற்கிறான். எஸ்கிரிமா என்றும் அர்னிஸ் என்றும் வழங்கும் பிலிப்பீன் கலையில், அவனுக்கு எதிரே இன்னொருவன் கம்போடு நிற்கிறான்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சிடாம் கிரி, பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டார ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நம் முறை பழக்கமானது. விடியுமுன் பால்வெட்டுக்குப் போய் வந்தவர்கள் மாலையில் கோயில் திடலில் கூடுவார்கள். மண்ணுக்கும் ஆசானுக்கும் வணக்கம் வைத்த கையோடு கம்பு கிடைத்துவிடாது. காலடிதான் முதலில். ஒரு காலை முன்வை, உடலைத் திருப்பு, மறுகாலைப் பின்வாங்கு, மறுபடி திரும்பு என்று வாரக்கணக்கில் போகும். “காலப் பாருடா, கம்பு தானா வரும்” என்பார் ஆசான். பிறகு நெற்றி உயரத்துக்கு, ஏறக்குறைய ஐந்தரை அடியில் ஒரு ரோத்தான் (பிரம்பு) கம்பு கைக்கு வரும். மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். முழங்கையை இறுக்கினால் கம்பு தன் காதையே பதம் பார்க்கும். வீச்சு சரியாக விழுந்தால் காற்றைக் கிழிக்கும் ஓசை ஒரே சீராக வரும். தேர்ந்த ஆசான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் அந்த ஓசையை வைத்தே பிழை சொல்லிவிடுவார்.

எஸ்கிரிமாக் கம்பும் ரோத்தான்தான். நீளம் ஏறக்குறைய 28 அங்குலம். மூங்கில் அடிபட்டால் சிம்பு சிம்பாகப் பிளந்து கண்ணில் தெறிக்கும். ரோத்தான் நார் நாராகப் பிரியுமே தவிர தெறிக்காது. நாள் முழுக்கக் கம்போடு கம்பு மோதும் பயிற்சிக்கு அது அவசியம். அடிகளுக்கு எண் உண்டு. ரெமி பிரேசாஸ் (1936–2001) வகுத்த நவீன அர்னிஸில் மொத்தம் 12: ஒன்றும் இரண்டும் நெற்றிப்பொட்டுக்கு, ஐந்து வயிற்றில் குத்து, எட்டும் ஒன்பதும் முழங்காலுக்கு, பத்தும் பதினொன்றும் கண்ணுக்கு, பன்னிரண்டு உச்சந்தலைக்கு. எண்களின் வரிசை பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆசிரியர் எண்ணைச் சொன்னதும் ஒருவன் அடிக்கிறான், மற்றவன் தடுக்கிறான். தடுக்கும்போது வெறுமனே இருக்கும் இடக்கை எதிராளியின் மணிக்கட்டை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தக் கையைத் தொங்கவிட்டால் உடனே கண்டிப்பு கிடைக்கும்.

கைக்கு ஒன்றாக இரண்டு கம்போடு இருவர் எதிரெதிரே நின்று செய்வது சினவாலி. மேல், கீழ், மேல் என ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று, ஆறு தட்டில் ஒரு சுற்று. கோலாட்டம் ஆடியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஆனால் ஒவ்வொரு தட்டும் ஒரு தலைக்கோ முழங்காலுக்கோ போகிற அடி என்பதை மறந்தால் பயிற்சியின் பயன் போய்விடும்.

இரண்டும் கடல் கடந்த தோட்டத் தொழிலாளர்கள் கையோடு எடுத்துச் சென்ற கலைகள். நம்மவர்கள் கெடா ரப்பர் தோட்டங்களுக்கு வந்த அதே காலத்தில், 1906 முதல் பிலிப்பீனியர்கள் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள்; பிறகு கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் வயல்களுக்கும் போனார்கள். அங்கே எஸ்கிரிமா வெகுகாலம் குடும்பத்துக்குள்ளும் நண்பர்களுக்குள்ளுமே கைமாறியது. ஏஞ்சல் கபாலெஸ் ஸ்டாக்டனில் பொதுமக்களுக்குப் பள்ளி திறந்தது 1966-இல்தான். அந்த ஊரில் பிறந்த டான் இனோசாண்டோ புரூஸ் லீயோடு மோதும் காட்சி 1978-இல் திரைக்கு வந்தபோது உலகமே குறுங்கம்பைப் பார்த்தது. தாய்நாடான பிலிப்பீனிலோ, செபுவில் 1932-இல் தொடங்கிய டோசே பாரெஸ் சங்கமும், அதிலிருந்து பிரிந்த பேகன் என்ற ஆசான் 1952-இல் தொடங்கிய பலிந்தாவாக் பள்ளியும் போட்டி போட்டு வளர்ந்தவை. ஊரறியச் சவால் விட்டு மோதிய பரம்பரை அது.

ஸ்டாக்டன் எஸ்கிரிமாவைப் போல நம் கம்பு ஒளிந்து வளரவில்லை. கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால், மேளச் சத்தத்தில், பெண்களும் பிள்ளைகளும் சுற்றி நிற்க ஆடினார்கள். 1946–47-இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் கள்ளுக்கடையை எதிர்த்து எழுந்த தொண்டர் படைகூடத் திறந்த வெளியில்தான் அணிவகுத்துப் பயிற்சி எடுத்தது. காவல்துறை அதை ஒடுக்கியது. நாலாபுறமும் கண்கள் பார்க்கும் இடத்தில் வளர்ந்த கம்பு, வீச்சையும் அழகையும் பெருக்கிக்கொண்டது இயல்பு. அதில் எனக்குப் பெருமைதான்.

கவலையும் உண்டு. சிலம்பத்தில் சண்டை இல்லாமல் இல்லை. எதிராளியைக் கம்பால் தொடும் தொடுமுறை இருக்கிறது, அடிக்கு மறு அடி சொல்லும் பாடம் இருக்கிறது. தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் வழிவிட்டபின், பள்ளி விழாவில் ஐந்து நிமிடம் ஆடிக்காட்டும் வீச்சே பல இடங்களில் மொத்தப் பாடமாகிவிட்டது. மார்பு நிறையப் பதக்கம் வைத்திருக்கும் பிள்ளை, நேரே வரும் ஓர் அடியைத் தடுக்கத் தெரியாமல் கண்ணை மூடுகிறது. இதை மழுப்பிச் சொல்வதால் கலைக்கு நன்மை இல்லை.

பிலிப்பீன் முறையின் பலம், கம்புக்குக் கற்ற அதே கோணம் கத்திக்கும் வெறுங்கைக்கும் அப்படியே பொருந்துவது. நமக்கு மான்கொம்பு, சுருள்வாள், குத்துவரிசை ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடம். அவர்களின் பலவீனம் காலில் தெரியும். கையும் கம்பும் முதல் நாளே ஓடத் தொடங்குவதால் புதிய மாணவனின் பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறது. ஐந்தரை அடிக் கம்புக்கு முன்னால் அவன் உள்ளே நுழையாமல் எதுவும் செய்ய முடியாது. நுழைய நல்ல கால் வேண்டும். நுழைந்துவிட்டாலோ, நெடுங்கம்புக்காரன் பாடு திண்டாட்டம்.

அரசு ஆதரவில் பிலிப்பீனியர்கள் முந்திவிட்டார்கள். 2009 டிசம்பர் 11-இல் கையெழுத்தான சட்டம் அர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாக்கி, பாலாரோங் பம்பன்சா மாணவர் போட்டியின் முதல் நாளில் முதல் விளையாட்டாக வைத்தது. சிலம்பம் கேலோ இந்தியா இளையோர் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது 2024 ஜனவரியில்தான்.

நமக்கும் சட்டம் வரும்போது வரட்டும், அதுவரை நம் வகுப்பில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வணக்கமும் காலடியும் முன்போலவே முதலில் இருக்கட்டும். கடைசிக் கால் மணி நேரம் பிள்ளைகளை இருவர் இருவராக எதிரெதிரே நிறுத்துங்கள். நுனி நைந்த ரோத்தான் கம்பை எறிய வேண்டாம். நைந்த பகுதியைக் கழித்தாலும் ஒன்றில் இரண்டு குறுங்கம்பு தேறும். முதல் வாரம் ஒன்றாம், இரண்டாம் அடிகள் போதும், கம்பில் கம்பு படட்டும். கண் எதிராளியின் தோள்மீது இருக்க வேண்டும். தலைக்கவசம் வாங்கும்வரை கண்ணுக்குப் போகும் பத்தாம், பதினோராம் அடிகளைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.