நாள் குறித்த பிறப்பும் நேரம் குறிக்காத முதற்பாலும்

சென்ற ஆண்டு பெங்களூரில் என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை அறுவைச் சிகிச்சையில் பிறந்ததால் இதுவும் அவ்வாறே என்று முன்பே முடிவாகியிருந்தது. மருத்துவர் 39-ஆம் வாரத்தில் மூன்று நாள்களைச் சொன்னார். வீட்டில் பஞ்சாங்கம் பார்த்து அவற்றுள் ஒன்றையும், அந்நாளின் முற்பகலில் ஒன்றரை மணி நேரத்தையும் தேர்ந்தனர். குழந்தை அந்த நேரத்துக்குள் பிறந்தது. அக்கா விழித்தே இருந்தாள். முதுகில் போட்ட ஊசி இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகச் செய்திருந்தது. குழந்தையின் முகத்தை ஒரு கணம் காட்டிவிட்டு எடுத்துச் சென்றார்கள். அது அவள் மார்புக்கு வந்து சேர நான்கரை மணி நேரம் ஆயிற்று. இடையில் பால்மாவைக் கரைத்துப் பாலாடையில் புகட்டியிருந்தார்கள்.

ஏன் என்று கேட்டபோது செவிலியர் கன்னடத்தில் சொன்னார்: "இன்னூ ஹாலு பந்தில்லா." இன்னும் பால் வரவில்லை. அருகில் இருந்த அம்மாயி அதை ஆமோதித்து, "மூணாம் நாளுதான் கண்ணு பால் எறங்கும்" என்றார். இருவரும் ஒரே செய்தியைச் சொல்வதாகவே அன்று தோன்றியது. பின்னர் படிக்கப் படிக்க, அவ்விரண்டு கூற்றுகளும் வெவ்வேறு வழிகளில் நடந்து வந்து ஒரே கட்டிலருகே சந்தித்தவை என்பது புலப்பட்டது. இப்பதிவு அந்தச் சந்திப்பைப் பற்றியது. நான் மருத்துவம் படித்தவள் அல்லள், மொழியியல் படித்தவள். ஆகவே சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தல் நம் நினைவில் புதியதன்று. ஆனால் பழைய நூல்களில் அது தாயின் மரணத்தோடு பிணைந்தே வருகிறது. கருவுற்றவள் திடீரென இறந்து, வயிற்றில் அசைவு தென்பட்டால் உடனே பிளந்து குழந்தையை எடுக்க வேண்டும் என்று சுசுருத சம்ஹிதை கூறுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் எழுதிய பரிசிஷ்டபர்வத்தில், நஞ்சு கலந்த உணவை உண்டு துர்தரை இறக்கும் தறுவாயில் சாணக்கியர் அவள் வயிற்றை அறுத்துப் பிந்துசாரனை எடுக்கிறார். அதே நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் கோச்செங்கட்சோழன் வரலாற்றில் கத்தி இல்லை. நேரம் மட்டுமே இருக்கிறது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் குழந்தை மூவுலகும் ஆளும் என்று கணியர் கூற, அரசி கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் செய்து அந்நாழிகையைத் தள்ளிப்போடுகிறாள். நேரம் வாய்க்கிறது, குழந்தை சிவந்த கண்களோடு பிறக்கிறது, தாய் இறந்துவிடுகிறாள்.

இக்கதைகளை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவை ஒரு நினைப்பைப் பதிவு செய்கின்றன: அறுத்தெடுத்த பிள்ளைக்கும், நாழிகை பார்த்துப் பிறந்த பிள்ளைக்கும் தாய்ப்பால் என்ற கேள்வியே எழுவதில்லை. கேட்பதற்குத் தாய் இல்லை. ஊட்டுபவள் செவிலித்தாயாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவிலும் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை இந்த அறுவைக்கு உள்ளான பெண் பிழைப்பது அரிதாகவே இருந்தது. 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் சேங்கர் கருப்பையைத் தையலிட்டு மூடும் முறையை வகுத்தார். 1898-இல் அவுகுஸ்ட் பீர் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரக்கச் செய்து அறுவை செய்தார். பின்னர் நுண்ணுயிர்க்கொல்லிகளும் இரத்த வங்கிகளும் வந்தன. ஆயினும் நெடுங்காலம் இந்த அறுவை முழு மயக்கத்தில்தான் பெரும்பாலும் நடந்தது. தாய் பிழைத்தாள், ஆனால் முதல் சில மணி நேரங்களுக்கு அவள் நினைவிழந்து கிடந்தாள். எனவே குழந்தையைத் தனி அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது அன்று தேவையாகவே இருந்தது. முதுகில் ஊசி போடும் முறை இந்த அறுவைக்குப் பரவலாக வழக்கமானது 20-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான். தாய் விழித்துக்கொண்டாள், மருத்துவமனையின் நடைமுறையோ அவள் உறங்குவதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறது. செவிலியரின் கூற்றுக்குப் பின்னால் இருப்பது இந்த வரலாறு.

அம்மாயியின் கூற்று இதைவிடப் பழையது. நாளங்கள் திறந்து பால் சுரக்க மூன்று நான்கு இரவுகள் ஆகும் என்றும், அதுவரை தேனும் நெய்யும் கொடுக்க வேண்டும் என்றும் சுசுருத சம்ஹிதையே சொல்கிறது. தமிழகத்துச் சிற்றூர்களில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ கழுதைப்பாலையோ நாவில் தொட்டு வைக்கும் வழக்கமும், அதைச் சேனை வைத்தல் என்று சொல்வதும் பலருக்கும் நினைவிருக்கும். நல்ல குணமுள்ள ஒருவர் கையால் வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை.

இங்கே ஒரு சொல் என்னை நிறுத்தியது: சீம்பால். கன்று ஈன்ற மாட்டின் முதற்பாலைக் காய்ச்சி வெல்லம் சேர்த்து உண்பது தமிழ் வீடுகளிலும் கன்னட வீடுகளிலும் தனிச் சுவை. கன்னடத்தில் அது கிண்ணு, தெலுங்கில் ஜுன்னு. மாட்டின் முதற்பாலுக்கு இப்படித் தனித்தனிப் பெயர்களும் பக்குவமும் வைத்திருக்கும் அதே வீடுகளில், பெண்ணின் முதற்பால் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டப்பட்டதும் உண்டு. இன்று மருத்துவர்கள் பெண்ணின் முதற்பாலையும் சீம்பால் என்றே அழைக்கின்றனர். ஆனால் அது தொழுவத்திலிருந்து கூடத்துக்கு வந்த சொல். மஞ்சள் நிறத்தில், கெட்டியாக, சில சொட்டுகளாக வருவதைப் பேச்சு வழக்கில் பலர் "பால்" என்ற சொல்லுக்குள் சேர்ப்பதில்லை. அதனால்தான் மார்பில் சீம்பால் இருக்கும்போதே "பால் வரவில்லை" என்று ஒருவர் பொய் சொல்லாமல் சொல்ல முடிகிறது. இது என் வாசிப்பு. மாற்றுக் கருத்து இருந்தால் அறிய விரும்புகிறேன்.

உடலியல் சொல்வது என்ன? சீம்பால் கர்ப்பத்தின் இடைக்காலத்திலேயே மார்பில் உருவாகத் தொடங்கிவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் இரண்டு மூன்று நாள்களில் பால் பெருகுவதற்கான முதன்மையான அறிகுறி, நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் அளவு சரிவது. நஞ்சுக்கொடி எவ்வழியாக வெளியேறினாலும் இந்தச் சரிவு நிகழ்கிறது. ஆகவே அம்மாயியின் "மூன்றாம் நாள்" முழுப் பிழையன்று. அது பால் பெருகும் நாள், பால் தொடங்கும் நாளன்று. முதல் நாள் குழந்தைக்குத் தேவைப்படுவதும் ஒவ்வொரு முறையும் சில மில்லி லிட்டர் மட்டுமே. நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த அந்தச் சில மில்லி லிட்டர்தான் சீம்பால்.

திட்டமிட்ட அறுவையில் ஒரு வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பிரசவ வலி தொடங்கும் முன்பே குழந்தை எடுக்கப்படுவதால், வலியோடு எழும் ஹார்மோன் மாற்றங்கள் தாய்க்கும் சேய்க்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை. பால் பெருகுவது சற்றுத் தாமதமாகலாம்; தையல் வலியில் புரண்டு படுப்பதும் கடினம். 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 33 நாடுகளின் ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தது. வலி தொடங்குமுன் அறுவை செய்துகொண்ட தாய்மாரிடையே தாய்ப்பால் தொடங்குவது குறைவாக இருந்தது. ஆனால் தொடங்கிவிட்டவர்களைப் பொறுத்தவரை, ஆறாம் மாதத்தில் பிரசவ முறையால் வேறுபாடு ஏதும் தென்படவில்லை. தடை தொடக்கத்தில் இருக்கிறது என்பதே இதன் பொருள். அந்தத் தொடக்கம் நடக்கும் இடம் மருத்துவமனை.

பெங்களூரில் அவ்விடத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மைசூர் அரசின் ஆட்சிப் பொறுப்பை 1895 முதல் 1902 வரை ஏற்றிருந்த மகாராணி வாணி விலாஸ சன்னிதானத்தின் பெயரால், 1935-இல் கோட்டைப் பகுதியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான வாணி விலாஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. பிரசவம் வீட்டை விட்டு மருத்துவமனைக்கு நகர்ந்ததால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். அந்நகர்வின் இன்னொரு விளைவு, சேனை வைக்கும் விரல் இருந்த இடத்தில் பால்மாவுக்கும் ஓர் இடம் கிடைத்தது. 1950-களில் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையைக் கண்டறிந்து, அமுல் வழியாக அது சந்தைக்கு வந்தபோது, இறக்குமதியைச் சார்ந்திராத அறிவியல் சாதனையாக அது கொண்டாடப்பட்டது; அந்தப் பெருமையில் நியாயமும் இருந்தது.

தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்கான பன்னாட்டு நெறிமுறையை உலக சுகாதாரப் பேரவை 1981-இல் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. 1989-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் மகப்பேற்று மனைகளுக்குப் பத்துப் படிகளை வகுத்தன. பிறந்த அரை மணி நேரத்துக்குள் பால் கொடுக்க உதவுதல், மருத்துவக் காரணமின்றி வேறு எதுவும் புகட்டாமை, தாயும் சேயும் ஒரே அறையில் இருத்தல் ஆகியவை அவற்றுள் சில. 1992-இல் இந்தியா தனிச் சட்டமே இயற்றியது. தாய்மாருக்கு இலவச மாதிரிகள் தருவதையும் மாற்றுப்பாலை விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. 2022-இல் அதே வாணி விலாஸில் "அம்ருததாரே" என்ற தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டது. எழுத்தில் எல்லாம் இருக்கின்றன.

நடைமுறையை எண்கள் காட்டும். 2005-06-இல் இந்தியாவில் அறுவைப் பிரசவங்கள் 8.5 விழுக்காடு; 2019-21-இல் 21.5 விழுக்காடு. கர்நாடகத்தில் இது 31.5, அங்கே தனியார் மருத்துவமனைகளில் பாதிக்கும் மேல். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் கர்நாடகத்தில் ஏறத்தாழப் பாதி. அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைவு. இதிலிருந்து, அறுவை கூடியது, பால் குறைந்தது என்ற முடிவுக்கு உடனே வரத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே அறுவைப் பிரசவங்கள் 44.9 விழுக்காடு, கர்நாடகத்தைவிட மிகுதி. ஆயினும் ஒரு மணி நேரத்துக்குள் பால் பெற்றவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு. அங்கே முந்தைய கணக்கெடுப்பிலிருந்து இரண்டும் சேர்ந்தே உயர்ந்திருக்கின்றன. மாநில அளவிலான ஒப்பீடு காரணத்தை நிறுவாது என்பதை மாணவர்கள் அறிவர். எனினும் கத்திக்கும் பாலுக்கும் இடையே உள்ள உறவு விதியன்று, ஏற்பாடு என்ற ஐயத்தை இந்த எண்கள் வலுப்படுத்துகின்றன.

ஏற்பாடு என்று நான் சொல்வது பெரிதொன்றுமில்லை. தாய் விழித்திருந்து, இருவரும் நலமாக இருந்தால், துடைத்த குழந்தையை அறுவை மேசையிலேயே அவள் மார்பின் மேல் கிடத்தலாம். மீட்பறைக்குக் குழந்தையும் தாயோடு வரலாம். தையலில் எடை படாதபடி குழந்தையை அக்குளோரம் கிடத்தியோ, ஒருக்களித்துப் படுத்தோ பால் கொடுக்கக் கைதேர்ந்த ஒருவர் உதவலாம். குழந்தை தனிக் கவனிப்புக்குச் சென்றாக வேண்டுமெனில், சீம்பாலைக் கையால் பீய்ச்சி அதே பாலாடையில் அனுப்பலாம். பால்மாவு தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. அதை மருத்துவர் காரணம் கூறித் தர வேண்டும், வழக்கம் என்பதற்காக அன்று.

அவசர அறுவையில் இவற்றுக்கெல்லாம் நேரம் இல்லாமல் போகலாம். திட்டமிட்ட அறுவையில் அந்தச் சாக்கு இல்லை. நாள் தெரியும், மணி தெரியும், மயக்க மருத்துவர் யார் என்பதும் தெரியும். கமலவதி ஒரு நாழிகைக்கு உயிரைக் கொடுத்தாள். நாம் உயிரைக் கொடுக்காமலே அந்த நாழிகையைப் பெறும் காலத்தில் வாழ்கிறோம். அக்காவின் மருத்துவக் கோப்பில் அறுவைக்கான நேரம் எழுதப்பட்டிருந்தது. முதற்பாலுக்கான நேரத்தை எழுத அதில் இடமே இல்லை. பஞ்சாங்கம் பார்த்த எங்களுக்கும் அது தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

அக்கா இரண்டாம் நாள் இரவு முழுவதும் தலையணையை மடியில் அடுக்கி முயன்றாள். மூன்றாம் நாள் பால் பெருகியது. தன் சொல் பலித்ததென்று அம்மாயி மகிழ்ந்தார். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. ஆனால் அந்த நான்கரை மணி நேரத்தில், தன் உடலில் ஏதோ குறை என்று அவள் அழுதாள். குறை அவள் உடலில் இல்லை. "இன்னும் வரவில்லை" என்ற கூற்றில் இருந்தது. வந்திருந்ததற்கு அந்த அறையில் எவரும் பெயர் சொல்லவில்லை.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்தில் பெண்ணின் முதற்பாலுக்கென்று, மாட்டின் பாலுக்கு வழங்குவதல்லாத, தனிச் சொல் ஏதேனும் இருக்கிறதா? பாட்டிமாரிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். தொகுத்து வெளியிடுகிறேன்.