கேம் கன்சோல் சூடாகி ஸ்க்ரீனில் படம் வரலையா? டவல் சுற்றும் முன் இதைப் படிங்க!

கன்சோலை ஆன் செய்தால் முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் மின்னும், டிவியில் படம் வராது. எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே தெரியும். 'ரெட் ரிங் ஆஃப் டெத்' என்று ரசிகர்களே இதற்குப் பெயர் வைத்தார்கள். 2005 நவம்பரில் விற்பனைக்கு வந்த இந்தக் கன்சோலில் புகார்கள் குவியவே, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்தக் கோளாறுக்கு மட்டும் வாரன்டியை 3 ஆண்டுகளாக நீட்டித்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் அதிகம்.

அந்த வாரன்டி எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. பழைய கன்சோலைத் தூசி தட்டி எடுப்பவர்களுக்கு இப்போது இருப்பது வீட்டு வைத்தியம்தான். அதில் ரொம்பப் பிரபலமானது டவல் வைத்தியம். கன்சோலை டவலால் இறுக்கிச் சுற்றி, ஆன் செய்து, நன்றாகச் சூடாக விட வேண்டுமாம். உள்ளே விட்டுப்போன சால்டர் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

டவல் சுற்றினால் சால்டர் உருகுமா?

உருகாது. ஈயம் கலக்காத சால்டர் உருக சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். டவலுக்குள் கன்சோல் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. அதற்கு முன்பே சிப் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை நிறுத்திவிடும்.

ஆனால் சிலருக்கு நிஜமாகவே வேலை செய்ததே, அது எப்படி? ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சிப் சூடாகி விரியும், ஆஃப் செய்தால் சுருங்கும். இப்படி விரிந்து சுருங்கியே சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன. 2021-ல் வெளியான எக்ஸ்பாக்ஸ் வரலாற்று ஆவணப்படத்தில் மைக்ரோசாஃப்ட்டே இதை விளக்கியது. விரிசல் விட்ட இணைப்பு சூட்டில் விரிந்து சற்று நேரம் தொட்டுக்கொள்ளும், அதனால் படம் வரும். சில நாளில் பழைய கதைதான். நடுவில் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. போர்டை ஓவனில் வைத்துச் சுடுவதும் இதே ரகம்தான். சமைக்கிற ஓவனில் பிளாஸ்டிக் புகை வேண்டவே வேண்டாம்.

முதலில் எதைப் பார்ப்பது?

எத்தனை விளக்கு சிவப்பாக இருக்கிறது என்று எண்ணுங்கள். நான்கும் சிவப்பு என்றால் பெரும்பாலும் டிவி கேபிள் சரியாகச் சொருகவில்லை. கழற்றி மாட்டுங்க, முடிந்தால் வேறு கேபிளில் வேறு டிவியில் பாருங்க. இடப்பக்கம் இரண்டு என்றால் அதிக சூடு. ஒன்று மட்டும் எரிந்து, திரையில் பல மொழிச் செய்தியுடன் 'இ74' என்று வந்தால் அது படம் காட்டும் பகுதியின் கோளாறு. 2009-ல் இதற்கும் 3 ஆண்டு வாரன்டி தரப்பட்டது.

அடுத்தது, பலரும் மறந்துவிடும் பவர் அடாப்டர். செங்கல் மாதிரி இருக்கும் அதற்குள்ளும் ஃபேன் உண்டு. டிவி மேசைக்குப் பின்னால் துணி, வயர் நடுவே கிடந்தால் மூச்சு முட்டிப்போகும். கன்சோல் ஓடும்போது அதன் விளக்கு பச்சையாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் கோளாறு அடாப்டரில் இருக்கலாம்.

திறந்து பார்க்கலாமா?

அதிக சூடுதான் பிரச்னை என்றால் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, டி8, டி10 டார்க்ஸ் ஸ்க்ரூ டிரைவர்களுடன் உட்காருங்கள். தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்க, தாறுமாறாகச் சுற்ற விடாதீங்க. ஹீட்சிங்க்கைக் கழற்றினால், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, சின்னப் பட்டாணி அளவுக்குப் புதிதாக வையுங்கள். ஆரம்பகால மாடல்களில் டிவிடி டிரைவுக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் குட்டையான ஹீட்சிங்க்தான் கிராஃபிக்ஸ் சிப்புடையது. அதிகம் தவிப்பதும் அதுதான்.

இந்தத் தைரியத்தில் பிளேஸ்டேஷன் 5-ல் கை வைக்க வேண்டாம். அதில் பேஸ்ட்டுக்குப் பதில் மின்சாரம் கடத்தும் திரவ உலோகம் இருக்கிறது. ஒரு சொட்டு போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு மூன்று சிவப்பு விளக்கு போகவில்லை என்றால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. கடையில் 'ஹீட் அடிச்சு தர்றோம்' என்றால், அதுவும் காசு வாங்கிச் செய்யும் டவல் வைத்தியம்தான். எத்தனை மாதம் கேரன்டி என்று முதலில் கேளுங்க. கிராஃபிக்ஸ் சிப்பையே மாற்றுவார்களா என்றும் கேளுங்க. கொடுப்பதற்கு முன், சேமித்த கேம்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பழைய மாடலில் அது பக்கவாட்டில் மாட்டியிருக்கும் தனிப் பெட்டி, ஒரு பட்டனை அழுத்தினாலே கையோடு வந்துவிடும்.