பல்லைக் காக்கும் புளோரைடு எலும்பை முடக்குவது ஏன்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சிற்றூர்களில் பழுப்பேறிய பற்களுடன் சிறுவர்களைக் காண்பது புதிதன்று. பல் துலக்காததே காரணம் என்று அவர்கள் பழிக்கப்படுவதும் உண்டு. அது துலக்கிப் போக்கக்கூடிய அழுக்கன்று. பல் உருவாகும் பருவத்தில் குடித்த நீரிலிருந்த மிகையான புளோரைடால் நேர்ந்த குறைபாடு.

பல்லுக்கும் எலும்புக்கும் உறுதி தருவது ஹைட்ராக்சி அப்பட்டைட் எனும் கால்சியம் பாஸ்பேட் படிகம். வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையைச் சிதைத்து அமிலத்தை உண்டாக்குகின்றன. பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது பற்சிப்பிப் படிகம் கரையத் தொடங்குகிறது. படிகத்திலுள்ள ஹைட்ராக்சில் அயனியின் இடத்தைப் புளோரைடு பிடித்துக்கொண்டால், அது கால்சியத்துடன் இன்னும் நெருங்கிப் பிணைகிறது. இவ்வாறு உருவாகும் புளூர் அப்பட்டைட், பி.எச். ஏறத்தாழ 4.5 வரை கரையாமல் தாங்கும். பற்பசையில் புளோரைடு சேர்க்கப்படுவது இதனால்தான். உமிழ்நீரில் சிறிதளவு இருந்தாலே பல்லின் மேற்பரப்புக்கு இப்பயன் கிடைத்துவிடும்.

மிகையான புளோரைடு உடலுக்குள் செல்லும்போது நிலைமை மாறுகிறது. ஏறத்தாழ எட்டு வயதுக்குள், பற்சிப்பி முதிர்ச்சியடையும் காலத்தில், புரதங்கள் முழுமையாக நீங்காமல் கனிமச் செறிவு குறைந்து நுண்துளைகள் எஞ்சுகின்றன. பல் முளைத்தபின் அவற்றில் நிறம் ஏறுகிறது.

எலும்போ வாழ்நாள் முழுதும் கரைக்கப்பட்டு மீண்டும் கட்டப்படுவது. புளோரைடு சேர்ந்த படிகம் எளிதில் கரைவதில்லை. எலும்பைக் கட்டும் செல்களும் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. எக்ஸ்ரே படத்தில் எலும்பு அடர்ந்து தோன்றினாலும், ஒழுங்கற்ற அமைப்பால் எளிதில் முறியக்கூடியதாகிறது. மூட்டுகளை இணைக்கும் நார்களிலும் கால்சியம் படிவதால் முதுகு விறைத்துக் குனிய இயலாமற் போகிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் 1937-லேயே பதிவு செய்யப்பட்டது.

நீருக்குள் புளோரைடு வருவதும் கரைதிறனைப் பொறுத்ததே. கருங்கல் பாறைகளிலுள்ள புளோரைடுக் கனிமங்கள், கால்சியம் குறைந்த காரத்தன்மை மிக்க நிலத்தடி நீரில் கூடுதலாகக் கரைகின்றன.

இந்தியத் தரநிலையின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்கது. மாற்று நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. இந்த 1.5 அளவுள்ள நீரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடிப்பவர் உடலில் 3 மில்லிகிராம் சேர்கிறது. வெயிலில் வேலை செய்து ஐந்து லிட்டர் குடிக்கும் கூலித் தொழிலாளிக்கோ அது 7.5 மில்லிகிராம். உணவிலுள்ள கால்சியம் குடலில் புளோரைடைப் பிணைத்து உடல் ஏற்பதைக் குறைக்கும். பாலும் கீரையும் வாங்க வழியற்றவருக்கு அந்தக் காப்பும் குறைவு. ஆகவே ஒரே கிணற்று நீர் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை.

நீரைக் கொதிக்க வைப்பது தீர்வாகாது. நீர் ஆவியாகி, புளோரைடின் செறிவு கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை அதன் அளவைக் குறைக்கும். மாற்று நீராதாரமே நிலையான வழி. ஜப்பானியக் கடனுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைக் கொண்டுவருவது இதற்காகவே. குழாய் ஊரின் கடைசித் தெருவரை செல்கிறதா, நாள்தோறும் அதில் நீர் வருகிறதா என்பதே அங்குள்ள குழந்தைகளின் பல்லையும் எலும்பையும் தீர்மானிக்கும்.